நிவாரணம் வருமுன் எழுதி வைக்க வேண்டிய நோட்டு

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் செயலாளராக இருக்கிறேன். 2020, 2021 இரண்டு ஊரடங்கிலும் நிதி திரட்டி 140 குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுத்தோம். எல்லாம் முடிந்த பிறகுதான் விடுபட்டவர்கள் யாரென்று தெரிந்தது. ஏரிக்கரையில் 19 இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றில் 12 குடும்பங்களுக்கு அரசுப் பணமும் வரவில்லை, எங்கள் பையும் போய்ச் சேரவில்லை. வாடகை வீட்டில் இருக்கும் நான்கு திருநங்கைகளுக்கும், செங்கல் சூளையில் தங்கியிருந்த ஒடிசாக் குடும்பங்களுக்கும் அதே கதை. எங்கள் பையை இரண்டு தரம் வாங்கியவர்களும் உண்டு. இன்னொரு நோய் வந்தால் இப்படி ஆகக் கூடாது. இப்போதே என்ன செய்து வைக்கலாம்? பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா? சூளைக்காரர்களை எங்கள் கணக்கில் சேர்க்கலாமா? ஊரில் சிலர் கூடாது என்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கொடுத்ததில் குறை இல்லை. கையில் இருந்த பட்டியலில்தான் குறை. ஊரடங்கு 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. மறுநாளே மத்திய அரசு நிவாரணத் தொகுப்பை அறிவித்தது. ஒரு நாளில் யாராலும் புதிதாக வீடு வீடாகக் கணக்கெடுக்க முடியாது. ஆகவே ஏற்கெனவே இருந்த பட்டியல்களின் வழியாகவே எல்லாம் போயிற்று: ரேஷன் கார்டு வைத்திருந்தவருக்கு அரிசி, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்ணுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம், நலவாரியத்தில் பதிந்திருந்த கட்டுமானத் தொழிலாளிக்கு 1,000 ரூபாய். எந்தப் பட்டியலிலும் இல்லாதவருக்கு எதுவும் போகவில்லை.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைத் தமிழ்நாட்டுக் கணக்கே சொல்லும். 2021-இல் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் தரப்பட்டது. அப்போது அரசின் கணக்கெடுப்பில் இருந்த திருநர் 11,449 பேர். அவர்களில் ரேஷன் கார்டு வைத்திருந்தவர்கள் 2,956 பேர் மட்டுமே. மீதி 8,493 பேருக்குத் தலா 2,000 ரூபாய் என்று தனியாக அறிவிக்க வேண்டி வந்தது. நான்கில் மூன்று பேர் வெளியே நின்றிருக்கிறார்கள். கணக்கெடுப்பிலேயே வராதவர்கள் இதில் சேரவில்லை.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது மளிகை வாங்குவதற்கு முந்தைய வேலை. ஒரு நோட்டுப் போடுங்கள். "யார் ஏழை" என்று அதில் எழுத வேண்டாம். அந்தக் கேள்வி ஊரில் சண்டையைத்தான் கிளப்பும். "நாளைக்கு அரசு உதவி அறிவித்தால் இந்த வீட்டுக்கு வருமா, வராதென்றால் எந்த இடத்தில் அறுபடும்" என்று எழுதுங்கள்.

ஒரு அடுப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கதவு எண்ணை வைத்தோ குடும்பத் தலைவர் பெயரை வைத்தோ எழுதினால், ஒரே வீட்டில் மாமியார் ஒரு பட்டியலிலும் மருமகள் இன்னொரு பட்டியலிலும் வருவார்கள். உங்கள் பை சிலருக்கு இரண்டு தரம் போனது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரே உலையில் சோறு வடிப்பவர்கள் ஒரு கணக்கு. ஒவ்வொரு அடுப்புக்கும் தொடர் எண் கொடுங்கள். பை கொடுக்கும்போது பெயரைப் பார்க்காமல் அந்தத் தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டால் இரட்டிப்பு நின்றுவிடும்.

வங்கதேசத்தில் 2020 மே மாதம் நடந்தது இதற்குப் பாடம். 50 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 2,500 டாக்கா கைப்பேசிப் பணமாக அனுப்ப அரசு முடிவு செய்தது. பட்டியலை உள்ளாட்சிகள் அவசரத்தில் தயாரித்தன. பல பெயர்களுக்கு எதிரே ஒரே கைப்பேசி எண் இருந்தது. தகுதியில்லாதவர்கள் நுழைந்திருந்தார்கள். களையெடுத்து முடித்தபோது பணம் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 35 லட்சம் குடும்பங்களுக்குத்தான். பணம் ஒதுக்கியாயிற்று, கொடுக்க மனமும் இருந்தது. பட்டியல் நெருக்கடியின் நடுவில் எழுதப்பட்டதால் வந்த வினை அது.

நோட்டில் ஒவ்வொரு அடுப்புக்கும் எழுத வேண்டியவை: எத்தனை பேர், அவர்களில் இரண்டு வயதுக்குக் கீழ் எத்தனை, கர்ப்பிணி அல்லது பாலூட்டும் தாய் உண்டா. ரேஷன் கார்டு உண்டா, என்ன வகை, வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா. யாருக்கு ஆதார் இல்லை. கைப்பேசி யாருடையது (பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்). வங்கிக் கணக்கில் கடைசியாக எப்போது பணம் எடுத்தார்கள். கைரேகை விழுகிறதா. வெளியே வர முடியாதவர் என்றால் அவருக்காக வாங்கித் தர நம்பிக்கையான ஆள் யார். அன்றாடம் சாப்பிட வேண்டிய மருந்து உண்டா. இவ்வளவு போதும். வருமானம், சொத்து, கடன் எல்லாம் கேட்காதீர்கள். கேட்டால் மக்கள் பயந்து பாதியை மறைப்பார்கள்.

கணக்கெடுப்புக்கு மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். பகலில் போனால் வீடு பூட்டியிருக்கும், "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். விடுபடுகிறவர்களில் பலர் இப்படித்தான் விடுபடுகிறார்கள். ஊர் நடுவிலிருந்து தொடங்காமல் ஓரத்திலிருந்து தொடங்குங்கள்: ஏரிக்கரை, சூளை, கல்குவாரி, கோழிப்பண்ணை, மோட்டார் கொட்டகை, பேருந்து நிறுத்தம். கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் ஊராட்சித் தூய்மைப் பணியாளரையும் ஒருமுறை உட்கார வைத்துப் பேசுங்கள். எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லாத வீடுகள் அவர்களுக்குத் தெரியும். உங்களிடம் இருக்கும் மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலை (ஊர் மக்களே கூடி ஏழைக் குடும்பங்களை அடையாளம் கண்ட பட்டியல்) ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை அடித்தளமாக எடுத்தால் அதில் விடுபட்டவர்கள் இதிலும் விடுபடுவார்கள்.

ஒன்றில் மிகக் கவனமாக இருங்கள். இந்த நோட்டைக் கிராம சபையில் வாசிக்கக் கூடாது. பொதுவான எண்ணிக்கையைச் சொல்லலாம்: "கார்டு இல்லாத அடுப்பு 23" என்பதுபோல. பெயர் வேண்டாம். ஹெச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர், பாலியல் தொழிலில் இருப்பவர், குடும்பத்துக்குத் தெரியாமல் வாழும் திருநர் ஆகியோரின் விவரம் வெளியே போனால் அவர்களுக்கு வாடகை வீடு போகும், வேலை போகும். மருந்துப் பத்தியில் நோயின் பெயரை எழுதாமல் "மாதாந்திர மருந்து, வாங்கும் இடம்" என்று மட்டும் எழுதினால் போதும். நோட்டு இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் அதன் படம் போகவே கூடாது.

இனி, உங்கள் ஊரில் விடுபட்டவர்களுக்கு வருகிறேன். மூன்று கூட்டத்தாரும் அறுபட்ட இடம் வேறுவேறு என்பதால் சரிசெய்யும் வழியும் வேறுவேறு.

இருளர் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். புறம்போக்கில் குடிசை, வீட்டு வரி ரசீது இல்லை, மின் இணைப்பு இல்லை. முகவரிச் சான்று இல்லாததால் கார்டு விண்ணப்பம் தொடக்கத்திலேயே நின்றுபோகும். பலர் "சாதிச் சான்றிதழ் வந்தால்தான் கார்டு" என்று நம்பிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அது தவறு. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் வழங்குவது. விசாரணை, அலைச்சல் என்று நீளும். ரேஷன் கார்டுக்கு அது தேவையே இல்லை. இரண்டையும் தனித்தனியாக நடத்துங்கள், ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தாதீர்கள். முகவரிச் சான்று இல்லாத குடும்பங்களுக்கு நேரில் கள ஆய்வு செய்து கார்டு வழங்கக் கோரி, 12 குடும்பத்துக்கும் ஒரே மனுவாக இல்லாமல் தனித்தனி மனுவாக வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுங்கள். கூட்டு மனுவில் ஒருவர் தாளில் பிழை இருந்தால் எல்லோருடையதும் தேங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை எண் வாங்கி நோட்டில் எழுதுங்கள். வழக்கமாக மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும். அங்கே மனுவோடு ஆளையும் நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். தபாலில் போகிற மனுவுக்கும் எதிரே நிற்கிற ஆளுக்கும் வித்தியாசம் உண்டு.

இருளர் தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களில் ஒன்று. ஆகவே சாதாரணக் கார்டோடு நின்றுவிடாமல், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டு கேளுங்கள். அதில் ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ அரிசி. இரண்டு மூன்று பேர் உள்ள சிறு குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

கார்டு இருந்தும் பணம் வராத குடும்பங்களின் கார்டை எடுத்துப் பார்த்து, அது எந்த வகை என்று அச்சாகியிருக்கிறது எனக் கவனியுங்கள். 2020-இல் 1,000 ரூபாயும் 2021-இல் 4,000 ரூபாயும் அரிசி அட்டைகளுக்கே கொடுக்கப்பட்டன. சர்க்கரை அட்டைக்கும் "பொருளில்லா" அட்டைக்கும் இல்லை. அடையாளத்துக்கு மட்டும் போதும் என்று எப்போதோ யாரோ சொன்னதைக் கேட்டுப் பொருளில்லா அட்டை வாங்கிய கூலிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வகை மாற்றக் கோரி விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது யாரும் வரிசையில் இல்லை.

திருநங்கைகள் நால்வருக்கும் சிக்கல் வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் ஆதார் இருக்கும். அந்த ஆதார் எண் பிறந்த வீட்டுக் கார்டில் ஏறியிருக்கும். ஓர் எண் இரண்டு கார்டில் ஏறாது என்பதால் புது விண்ணப்பம் தள்ளுபடி ஆகும். பிறந்த வீட்டில் பெயர் நீக்க வேண்டுமென்றால் குடும்பத் தலைவரின் கைப்பேசிக்குத்தான் ஓ.டி.பி. போகும். வீட்டைவிட்டுத் துரத்திய அப்பாவிடம் ஓ.டி.பி. கேட்கச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பது இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அங்கே முட்டிக்கொண்டிருக்காமல், திருநர் அடையாள அட்டை நகலோடு, "குடும்பத்தோடு தொடர்பு இல்லை, தனியாகச் சமைத்து வாழ்கிறேன், பழைய கார்டிலிருந்து என் பெயரை அலுவலக அளவிலேயே நீக்கித் தனி அட்டை தர வேண்டும்" என்று வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். நகலை மாவட்டச் சமூக நல அலுவலருக்குக் கொடுங்கள். ஒருவர் மட்டும் உள்ள அட்டை வாங்க முடியும். நால்வரும் ஒரே வீட்டில் இருந்தாலும், இரத்த உறவு இல்லாதவர்கள் ஒரே கார்டில் சேர முயல்வதைவிடத் தனித்தனியாக வாங்குவது நல்லது. ஒருவர் வேறு ஊருக்குப் போனால் மற்ற மூவரின் கார்டும் சிக்காது. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுப்பது வழக்கம். அங்கேயும் கள ஆய்வுதான் கேட்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி. பாலியல் தொழிலில் இருப்பவர்களுக்கு அடையாளச் சான்று கேட்காமல் உலர் ரேஷன் (சமைக்காத மளிகைப் பொருள்) தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் உத்தரவிட்டது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியலைக் கொண்டு அடையாளம் காணலாம் என்றது. 2022 மே மாதம், அதே அமைப்பின் அதிகாரி தரும் சான்றை வைத்து அவர்களுக்கு ஆதார் வழங்கவும், விவரத்தை இரகசியமாக வைக்கவும் சொன்னது. உங்கள் வட்டத்தில் அந்த அமைப்போடு வேலை செய்யும் களப்பணியாளர் யாரென்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பட்டியல் கேட்காதீர்கள், அவர் தரவும் கூடாது. எத்தனை பை வேண்டும் என்று மட்டும் கேட்டு அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், பாஸ்புக் எந்த வங்கியுடையது என்று பார்ப்பதில்லை. கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கே போகும். சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்த இடத்தில் அவருக்கே தெரியாமல் ஒரு கணக்கு திறக்கப்பட்டிருக்கலாம். "பணம் வரவில்லை" என்பவர்களில் பலருக்குப் பணம் வந்து வேறு கணக்கில் கிடக்கிறது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம். ஆதாரில் பதிந்த கைப்பேசி கையில் இருக்க வேண்டும். வேண்டிய வங்கிக்கு மாற்றக் கிளையில் ஒரு படிவம் கொடுத்தால் போதும். நெடுநாள் தொடாத கணக்கு முடங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் 100 ரூபாய் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கைரேகை விழாதவர்கள் யாரென்று நோட்டில் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சூளையில் செங்கல் அறுப்பவர், கல் உடைப்பவர், துணி துவைப்பவர், எழுபதைத் தாண்டிய முதியவர் ஆகியோருக்கு ரேகை தேய்ந்திருக்கும். பாகிஸ்தான் 2020-இல் சுமார் ஒன்றரைக் கோடிக் குடும்பங்களுக்குத் தலா 12,000 ரூபாய் கொடுத்தது. ஏழை நாடு ஒன்று அவ்வளவு வேகமாகச் செய்தது பெரிய காரியம். அங்கேயும் பணம் வாங்கும் முனையில் ரேகை விழாமல் முதியவர்கள் திரும்பிப் போனார்கள். நம் ரேஷன் கடைகளில் முதியவர், மாற்றுத் திறனாளி சார்பில் வேறொருவர் வாங்க அனுமதிக் கடிதம் பெறும் வழி இருக்கிறது. சாதாரண மாதத்திலேயே அதை வாங்கி, ஒரு தரம் பயன்படுத்தியும் பார்த்துவிடுங்கள். ஆதார் இல்லை, இணையவில்லை என்ற காரணத்துக்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24-இல் மாநிலங்களுக்கு எழுதியது. விற்பனையாளர் மறுத்தால் அதைச் சொல்லுங்கள். புகாருக்கு 1967.

பொருளா பணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடை திறந்திருந்தால் பணம், கடை அடைத்திருந்தால் பொருள் என்பது பொது விதி. பணம் கொடுத்தால் அவரவர் தேவைக்கு வாங்குவார்கள்: வாடகை, மாத்திரை, சிலிண்டர், பால் பவுடர். ஆனால் ஊரடங்கின் முதல் இரண்டு வாரத்தில் சிறிய கடைகளில் சரக்கு தீர்ந்து விலை ஏறும். அந்த நேரத்தில் 1,000 ரூபாய் 700 ரூபாய்க்குத்தான் பெறும். என் யோசனை: முதல் 15 நாளுக்குப் பொருள், அதன்பின் பணம்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் பல அமைப்புகள் தவறுகின்றன. 5 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய் என்று கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நான்கு பேருக்கு நான்கு நாளில் முடிந்துவிடும். நெருக்கடிக் கால உணவுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 2,100 கலோரி என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட திட்ட அளவு. நம் சாப்பாட்டில் அதை இப்படி எட்டலாம்: அரிசி 400 கிராம், துவரை அல்லது பாசிப்பருப்பு 70 கிராம், நிலக்கடலை 30 கிராம், எண்ணெய் 23 கிராம், வெல்லம் 20 கிராம். நான்கு பேர், 15 நாள் என்று பெருக்கினால் அரிசி 24 கிலோ, பருப்பு 4 கிலோ 200 கிராம், நிலக்கடலை 1 கிலோ 800 கிராம், எண்ணெய் ஒன்றரை லிட்டர், வெல்லம் 1 கிலோ 200 கிராம். உப்பு அரைக் கிலோ, மிளகாய்த்தூள், புளி, மஞ்சள் தனி. துணிக்கும் குளிக்கும் சோப்பு, மாதவிடாய்த் துணி அல்லது நாப்கின் மறக்கக் கூடாது. நிலக்கடலை எதற்கு என்று கேட்பார்கள். ஊரடங்கில் முட்டை, மீன், காய்கறி எல்லாம் நின்றுபோகும். பருப்பும் கடலையும் இல்லையென்றால் குழந்தை வெறும் சோற்றில்தான் வளரும்.

கார்டு உள்ளவர்களுக்கும் இதே அளவு தேவையா என்றால், இல்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ, அதாவது நாளைக்கு 167 கிராம். கொரோனா காலத்தில் மத்திய அரசு ஆளுக்கு இன்னொரு 5 கிலோ இலவசமாகக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து 333 கிராம். அவர்களுக்கு அப்போது அரிசி ஏறத்தாழ வந்துவிட்டது, குறைந்தது பருப்பும் எண்ணெயும்தான். அந்தக் கூடுதல் 5 கிலோ 2022 டிசம்பரோடு நின்றது, இன்னொரு நெருக்கடியில் அப்படி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே இரண்டு வகைப் பை போடுங்கள்: கார்டு உள்ள அடுப்புக்கு அரிசி இல்லாத பை, கார்டு இல்லாத அடுப்புக்கு முழுப் பை. கையில் இருக்கும் அதே பணத்தில் இன்னும் பல வீடுகளுக்குப் போகும். இரண்டு பேர் வரை உள்ள அடுப்புக்கு அரைப் பை, ஆறு பேருக்கு மேல் என்றால் ஒன்றரைப் பை.

24 கிலோ அரிசியை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். அறுபது வயதுப் பெண் ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. வழியில் பாதியைச் சுமைகூலியாகக் கொடுத்துவிட்டுப் போக நேரும். 12 கிலோவாக இரண்டு மூட்டை. நூறு முழுப் பைக்கு அரிசி மட்டும் 2,400 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை 48. தரையிலும் சுவரிலும் படாமல் பலகை போட்டு அடுக்க இடம் எங்கே என்று இப்போதே பேசி வையுங்கள். ஊரடங்கில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். மளிகைக்காரர் இரண்டு பேரிடம், கொள்முதல் விலைக்கு மேல் இத்தனை சதவீதம் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். அன்றைய விலை என்று விட்டால் நெருக்கடியில் கட்டுப்படியாகாது.

பகிர்ந்து கொடுக்கும் நாளில் ஒரே இடத்தில் கூட்டம் சேரக் கூடாது. 2020 ஏப்ரலில் ஜன்தன் பணத்தைக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்து எடுக்கச் சொன்னார்கள்: 0, 1 ஒரு நாள், 2, 3 மறுநாள் என்று. உங்கள் தொடர் எண்ணை வைத்து அப்படியே நேரம் பிரிக்கலாம். முடிந்தவரை வீட்டு வாசலில் கொடுங்கள். வாங்குபவரைப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கணக்குக் கேட்டால் பை எண்ணும் கையொப்பமும் போதும். ஐந்து கிலோ அரிசிக்காக ஒருவர் முகத்தை ஊர் முழுக்கக் காட்டுவது நியாயமில்லை. அப்படிப் படம் எடுப்பார்கள் என்று தெரிந்தாலே மிகவும் தேவைப்படுகிறவர்கள் வராமல் இருந்துவிடுவார்கள்.

மருந்து தனி வேலை. நோட்டில் அந்தப் பத்தி நிரம்பியிருந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு மாதத்துக்கு மேல் மருந்து சேர்த்து வாங்கித் தர முடியுமா என்று கேட்கலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. ஏரிக்கரை அதன் சுற்றில் வருகிறதா என்று பாருங்கள்.

இனி சூளை. சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். சேர்க்கத்தான் வேண்டும். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கமிருந்து மழைக்காலம் முடிந்ததும் வந்து, மே, ஜூனில் திரும்பும் குடும்பங்கள் இவை. ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில், அவர்கள் இங்கே இருக்கும் பருவத்தின் நடுவில். "அவர்களுக்கு அவர்கள் ஊரில் கார்டு இருக்கிறதே" என்று உங்கள் ஊரில் சொல்லியிருப்பார்கள். கார்டு இருந்தது, அரிசி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்தது 2020 அக்டோபரில்தான். எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31-க்குள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது இரண்டாம் அலைக்குப் பிறகு.

இப்போது அவர்கள் உங்கள் ஊர்க் கடையிலேயே தங்கள் பங்கை வாங்கலாம். ஒடிசாக் கார்டு எண்ணோ ஆதார் எண்ணோ சொல்லிக் கைரேகை வைத்தால் போதும். குடும்பத்தில் பாதிப்பேர் ஊரில் இருந்தால் அவர்கள் பங்கு அங்கே, இவர்கள் பங்கு இங்கே என்று பிரித்து வாங்கவும் முடியும். கிடைப்பது மத்திய அரசின் தானியம் மட்டும். தமிழ்நாடு தரும் பருப்பு, பாமாயில் இதில் வராது, ஆகவே உங்கள் அரிசி இல்லாத பை இவர்களுக்குப் பொருந்தும். நடைமுறையில் மூன்று இடத்தில் தடைபடும். கார்டில் அந்த ஆளின் ஆதார் ஏறாமல் இருக்கும். கடைக்காரர் "இங்கே வராது" என்பார். அல்லது கார்டும் ஆதாரும் ஆள் கூட்டி வந்த ஏஜெண்டிடம் இருக்கும். முதல் இரண்டையும் சாதாரண மாதத்தில் ஒரு குடும்பத்தைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தரம் வாங்கிப் பார்த்தால் தீர்க்கலாம். ஒரு தரம் பில் விழுந்துவிட்டால் அப்புறம் கடைக்காரர் மறுக்க மாட்டார். மூன்றாவது வேறு விஷயம். முன்பணத்துக்குப் பிணையாக அடையாள அட்டையைப் பிடித்து வைத்திருந்தால் அது கொத்தடிமை முறையின் அடையாளம். நீங்களாகச் சூளை முதலாளியிடம் சண்டை போடாமல் கோட்டாட்சியரிடம் சொல்லுங்கள்.

கார்டே இல்லாதவர்களுக்கு இ-ஷ்ரம் (மத்திய அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவேடு) பதிவு செய்து கொடுங்கள். 16 முதல் 59 வயது வரை, வருங்கால வைப்பு நிதியிலோ ஈ.எஸ்.ஐ.யிலோ இல்லாத எந்தத் தொழிலாளியும் பதியலாம். இ-ஷ்ரமில் பதிந்தும் கார்டு இல்லாதவர்களுக்கு ரேஷன் கார்டு வழங்க மாநிலங்களை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் பணித்திருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடலாம். சூளையில் இருக்கும் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் உங்கள் ஊர் அங்கன்வாடியில் சேர உரிமை உள்ளவர்கள். அதற்கு இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போகிறவர்களின் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ அந்தியோதயா என்றோ இருந்தால்தான் அங்கே அரிசி கிடைக்கும். தமிழ்நாடு அரசு தன் செலவில் தரும் மற்ற அட்டைகள் மாநில எல்லையைத் தாண்டாது. "வெளியூர்க்காரனுக்கு ஏன்" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர் தம்பியும் எங்கோ ஓர் ஊரில் வெளியூர்க்காரன்தான்.

ஆப்பிரிக்காவில் டோகோ என்ற சிறிய நாடு 2020 ஏப்ரலில் செய்ததை ஒரு யோசனையாகச் சொல்லி வைக்கிறேன். நம்மைப்போன்ற ரேஷன் பட்டியல் அங்கே இல்லை. ஆனால் பெரும்பாலோரிடம் புதுப்பித்த வாக்காளர் அட்டை இருந்தது, அதில் தொழிலும் பதிவாகியிருந்தது. இணையம் இல்லாத பட்டன் போனிலிருந்து ஒரு குறுக்கெண்ணை அழுத்தி அட்டை எண்ணைத் தந்தால், தகுதி பார்த்து உடனே கைப்பேசிப் பணமாகப் போட்டார்கள். மாதம் ஆணுக்கு 10,500 பிராங்க், பெண்ணுக்கு 12,250 பிராங்க், இரண்டு தவணையாக. வீட்டுச் சமையலும் குழந்தையும் பெண் கையில் என்பதால் பெண்ணுக்குக் கூடுதல். கைப்பேசி இல்லாதவர்கள் அதிலும் விடுபட்டார்கள். உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: ஓர் அடையாளம் இல்லையென்றால் கையில் இருக்கும் வேறொன்றை ஏற்பது. வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, மாற்றுத் திறனாளி அட்டை, தாய் சேய் நல அட்டை எது இருந்தாலும் உங்கள் பைக்குப் போதும். எதுவும் இல்லையென்றால் பக்கத்து அடுப்பைச் சேர்ந்த இருவர் சொன்னால் போதும்.

வருடத்துக்கு இரண்டு தரம் நோட்டைத் திருத்துங்கள்: ஜனவரியில் ஒன்று, சூளையில் ஆள் இருக்கும்போது, ஆகஸ்டில் ஒன்று, அவர்கள் போன பிறகு. ஒவ்வொரு திருத்தத்திலும், எத்தனை அடுப்பில் அறுபட்ட இழை கட்டப்பட்டது என்று மட்டும் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். முதல் பக்கத்தை ஏரிக்கரையில் எழுதத் தொடங்குங்கள். அந்த 140 குடும்பங்களின் விவரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.